தம்பி போடாத சுவிட்ச்

தரையில் வெட்டிப்போட்ட செம்பு இழைகளைப் பார்த்தால் என்னால் இப்போதும் சும்மா தாண்டிப்போக முடிவதில்லை. எங்கள் பட்டறையில் அது தினமும் சேருகிற குப்பைதான். சாயங்காலம் பெருக்கி, தனியாக ஒரு டப்பாவில் போட்டுவைப்போம். மற்றவர்கள் விளக்குமாற்றால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் மட்டும் குனிந்து ஒன்றிரண்டைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். தலைமயிர் மாதிரி மெல்லிசாக இருக்கும். "அக்காளுக்கு எதப் பாத்தாலும் ரோசனைதான்" என்று பக்கத்து மேசைப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

நான் வேலை பார்ப்பது கணபதி ஏரியாவில், பேனல் போர்டு செய்கிற ஒரு சின்னப் பட்டறையில். மில்லோ தறிக்குடோனோ, எங்கே கரண்ட் உள்ளே வந்தாலும் முதலில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் போய், அங்கிருந்துதான் பிரிந்து போகும். அந்தப் பெட்டிக்குள் பிரேக்கர் மாட்டுவது, ஒயர் இழுப்பது, லக் அடிப்பது எல்லாம் எங்கள் வேலை. எங்கள் பட்டறையில் பாதிக்கு மேல் பெண்கள்தான். வாயும் ஓடும், கையும் ஓடும்.

லக் என்பது கேபிள் முனையில் மாட்டுகிற செம்புத் துண்டு. ஒரு பக்கம் குழல், மறுபக்கம் ஓட்டை போட்ட தகடு. கேபிளைக் குழலுக்குள் விட்டு மெஷினில் வைத்து நசுக்கினால் இழையும் குழலும் ஒன்றாகிவிடும். பிறகு தகட்டைப் பிரேக்கரில் வைத்துப் போல்ட்டை முறுக்க வேண்டியதுதான். சாதாரண கேபிளுக்குள் தடித்த கம்பிகள் கொஞ்சம்தான் இருக்கும், அடக்கமாக உள்ளே போய்விடும். மெல்லிய இழைக் கேபிள் வேறு ரகம். உள்ளே எண்ணவே முடியாத அளவுக்கு இழைகள். வளைத்த பக்கமெல்லாம் வளையும். ஆனால் மேலே அதே சைஸ் அச்சடித்திருந்தாலும் உடம்பு பருத்திருக்கும். அதற்கென்று வாய் அகலமான லக் தனியாக உண்டு.

அது கையில் இல்லாதபோது ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால், சுற்றிலும் இருக்கிற இழைகளைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டு மிச்சத்தை உள்ளே திணித்துவிடுவார்கள். மேலே டேப்பைச் சுற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தறி ஓட ஓட, மிச்சமிருக்கிற இழைகள் அத்தனை கரண்டையும் சுமந்து சூடேறும். தறிக்குடோனில் எங்கே பார்த்தாலும் பஞ்சு பறக்கும். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் தம்பி கருமத்தம்பட்டிப் பக்கத்தில் தறிக்குடோன்களுக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்தான். வேலை சுத்தம், பேச்சும் சுத்தம். அதைவிட அவனுக்கு ஒரு பேர் இருந்தது, கைராசிக்காரன் என்று. ஆரம்ப காலத்தில் ஒரு குடோனில் அவன் முதல் சுவிட்ச் போட்டான். அந்த ஓனர் கொஞ்ச நாளிலேயே பக்கத்தில் இன்னொரு குடோன் கட்டினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். வேறு எலெக்ட்ரீசியன் ஒயரிங் செய்த குடோனுக்குக்கூட முதல் சுவிட்ச் போட மட்டும் தம்பியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அன்றைக்கு மட்டும் பேண்ட்டைக் கழற்றிவிட்டு வெள்ளை வேட்டியில் போவான்.

"ஏன்டா, சுவிட்சப் போட்டா லைட்டு எரியறது உன்ற கைராசியா? கரண்டாபீசுக்காரன் ராசிடா அது" என்பேன்.

"உனக்குப் பொறாமைக்கா" என்று சிரிப்பான்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். வேலை கேட்டுப் போகும்போது அப்பா வாசலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்று தோட்டத்து முதலாளியைப் "பண்ணாடி" என்று கூப்பிடுவதை நானும் தம்பியும் பார்த்து வளர்ந்தோம். அதில் ஒரு தோட்டத்துக் குடும்பம் பிறகு தறி போட்டு நன்றாக வந்தது. அந்த வீட்டு மகன்தான் இப்போது ஓனர். தம்பி போனால் "வாங்க, உக்காருங்க" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போடுவார். தம்பி அவரை அண்ணா என்று கூப்பிடுவான். அந்த நாற்காலி அவன் வேலைக்கு மட்டும் கிடைத்ததில்லை, கைராசி என்ற பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

போன தை மாதம் அந்த ஓனர் புதுத் தறிகள் இறக்கிப் பெரிய குடோன் ஒன்று கட்டினார். ஒயரிங் தம்பிதான். "பேனல் எங்கக்கா பட்டறைலயே செஞ்சுக்கலாங்ண்ணா" என்று சொல்லி எங்களுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அந்தப் பேனலுக்கு முழுக்க நானே ஒயர் இழுத்தேன். மெயின் கேபிளுக்கான லக்குகளையும் நானே எடுத்துப் பொட்டலம் கட்டிக் கூடவே அனுப்பினேன். கேபிள் சைஸ் எழுபது ஸ்கொயர் என்றார்கள், அதே எழுபது ஸ்கொயர் லக் போட்டேன். எந்த ரகக் கேபிள் என்று நான் கேட்கவில்லை.

குடோன் திறப்புக்கு முந்தின நாள் மத்தியானம் தம்பி போன் செய்தான். நான் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, அண்ணன் வாங்கியாந்த கேபிளு மெத்துமெத்துன்னு இருக்குது. நீ அனுப்புன லக்குக்குள்ள போக மாட்டீங்குது."

"எழுவதுக்கு எழுவதுதான் போட்டு அனுப்பியிருக்கறேன். நல்லா முறுக்கி உள்ள தள்ளு, போகும்."

"தள்ளிப் பாத்துட்டேன்."

"ஒரு லக்கு மாட்டத் தெரியலீன்னா நீயென்றா எலெக்ட்ரீசியன்? சோறு திங்க உடுறா."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். போனில் அவனும் சிரித்தான். மெத்துமெத்தென்று இருக்கிறது என்று அவன் சொன்ன அந்த ஒரு சொல்லிலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். நாள் முழுக்க அந்த வேலையைச் செய்கிறவள் நான். என் கவனமெல்லாம் சோற்றின் மேலும், சிரிக்கிற பெண்களின் மேலும் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் முதல் சுவிட்ச் போட வேண்டும் என்று ஏற்பாடு. வாசலில் வாழைமரம், உள்ளே சாம்பிராணிப் புகை. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து நிறைந்திருந்தார்கள். பக்கத்துக் குடோன்களின் ஓனர்களும் வந்திருந்தார்கள். தம்பி வேட்டியில் நின்றான். பேனல் செய்த பட்டறை சார்பில் நான் போயிருந்தேன். ஓனரின் மனைவி குங்குமச் சிமிழை என் கையில் கொடுத்து, "நீங்க செஞ்ச பொட்டிங்க, நீங்களே பொட்டு வெச்சுடுங்க" என்றார்.

பேனல் கதவுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். குங்குமம் கொஞ்சம் கீழே சிந்தியது. துடைக்கக் குனிந்தபோதுதான் பெட்டிக்கு அடியில் பார்த்தேன். செம்பு இழைகள். துண்டு துண்டாக, கற்றையாக. தம்பி மூலையில் தள்ளி விட்டிருந்தான்.

மீட்டர் பக்கம் இன்னும் கரண்ட் விட்டிருக்கவில்லை. கதவைத் திறந்து மெயின் கேபிளைப் பிடித்து ஆட்டினேன். லக்கின் வாயில் டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்தேன். பாதி இழை குழலுக்குள், மீதி வெட்டின மொட்டைத் தலை. ஒரு லக் கையோடு சுழன்றது.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மனதுக்குள் செய்து பார்த்துவிட்டேன். தறி ஓடினால்தான் அந்த லக் சூடாகும். ஒற்றை லைட்டுக்கு அது ஒன்றும் ஆகாது. பேசாமல் கதவைச் சாத்தி, தம்பியின் காதில் "ஒரு லைட்ட மட்டும் போட்டு அணைச்சுப்போடு, தறியத் தொடாத" என்று சொல்லியிருந்தால் போதும். பத்தரைக்குள் அவன் சுவிட்ச் போட்டிருப்பான், கற்பூரம் காட்டியிருப்பார்கள், எல்லாரும் சாப்பிடப் போயிருப்பார்கள். பந்தி நடக்கும்போதே லக்கை மாற்றியிருக்கலாம். தொழில் தெரிந்த எனக்கு இது தெரியாததில்லை.

நான் கத்தினேன்.

"ஆருடா இப்படிப் பண்ணுனது? இழைய வெட்டிப்போட்டு லக்கு அடிச்சிருக்கற? தறி ஓடுனா குடோனே எரிஞ்சுபோகும், தெரியுமா? சுவிட்சுல கைய வெக்காத, தள்ளு அக்கட்டால."

மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள்.

நெருப்புக்குப் பயந்து கத்தினேன் என்றுதான் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னேன். அதுவும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் வாயைத் திறந்த அந்த நிமிஷத்தில் என் மனதில் ஓடியது வேறு. அது என் பேனல். என் கைவேலைக்குள் இப்படி ஒரு லக் இருப்பதை யாராவது பார்த்தால் என் பேர் என்னாவது? நான் செய்யவில்லை, இவன்தான் செய்தான் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். தெரியவைத்தும் விட்டேன்.

பேனலுக்கு மேலே நான் அனுப்பிய பொட்டலம் இருந்தது, மிச்சமிருந்த லக் ஒன்றோடு. தம்பி என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு அந்தப் பொட்டலத்தை எடுத்து வேட்டி மடிப்புக்குள் சொருகிக்கொண்டான். அப்போது எனக்குப் புரியவில்லை என்று சொல்ல ஆசைதான். புரிந்தது. அனுப்பினது நான், போகும் என்று சொன்னது நான், அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவன் மறைக்கிறான். எல்லாம் புரிந்தும், நான் ஓனர் பக்கம் திரும்பி, "சரியான லக்கு எங்க பட்டறைல இருக்குதுங்க, இப்பக் கொண்டாரச் சொல்றனுங்க" என்றேன்.

"பரவால்லீங்க, பாத்துச் சொன்னீங்களே, அதுவே போதுங்க" என்றார் ஓனர். முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடும். நான் அவசரமாகப் பட்டறைக்குப் போன் போட்டேன்.

பட்டறையிலிருந்து ஆள் வண்டியில் லக்கும் மெஷினும் கொண்டுவந்து சேர்வதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. கற்பூரம் தட்டிலேயே கிடந்தது. ஒறம்பரை சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். நானும் தம்பியும் பேனலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வேலை செய்தோம். வெட்டுப்பட்ட முனையை நறுக்கித் தள்ளினேன். புதிதாகத் தோலை உரித்து, ஓர் இழைகூட வெளியில் போகாமல் கூட்டிப் பிடித்து, வாய் அகலமான லக்குக்குள் விட்டேன். தம்பி மெஷினை அழுத்தினான். எனக்கு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான், டார்ச் பிடித்தான்.

மத்தியானம் ராகு காலம் முடிந்ததும் தம்பி கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான். ஓனர் அவனிடம், "நீங்க இருங்க தம்பி, நானே போட்டர்றேன்" என்றார். அவரே போட்டார். லைட் எரிந்தது, தறி ஓடியது, லக் குளிர்ச்சியாக இருந்தது. மீட்டர் பக்கம் கரண்டை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு அருமையான லக்கை என் வாழ்க்கையில் நான் அடித்ததில்லை.

அதற்குப் பிறகு தம்பியை யாரும் திட்டவில்லை. வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. அந்த ரோட்டில் எந்தக் குடோனுக்குப் போய்க் கேட்டாலும் "அப்பறஞ் சொல்றனுங்க தம்பி" என்றார்கள். பேசி வைத்திருந்த ஒரு புதுக் குடோன் வேலை கைமாறியது. சின்னச் சின்ன ரிப்பேருக்குக்கூட வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அவன் மனைவி என்னிடம் போனில், "வண்டிய எடுத்துட்டுப் போறாருங்க, சித்த நேரத்துல திரும்பி வந்தர்றாரு" என்று மட்டும் சொன்னாள். குற்றம் சொல்கிற மாதிரி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு சொல் சொல்லிச் சண்டை போட்டிருப்பேன்.

வெசனம் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன்.

"அன்னிக்கே சொல்ல வேண்டியதுதான? லக்கு அனுப்புனவ இவ, போகும்னு சொன்னவளும் இவதான்னு?"

"சொல்லி? உன்ற பட்டறைல உன்னய வெச்சிருப்பாங்களா?" என்றான். "என்ற பேரு போயிருச்சு. உன்றதும் எதுக்குப் போகோணும்?"

"நீ இழைய வெட்டாம என்னயத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டிருக்கலாம். எலெக்ட்ரீசியனான்னு கேட்டுட்டயில்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு அந்த ஓனர் வீட்டுக்குப் போனேன். அப்பா நின்ற அதே வாசல். நான் கை கட்டவில்லை, ஆனால் வாசலைத் தாண்டவும் இல்லை.

"ஏனுங்கம்மணி, வெயில்ல நிக்கறீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். லக் தப்பாக அனுப்பியது நான், தம்பி கேட்டபோது போகும் என்றது நான், அவன் மறைத்தது எனக்காக. பட்டறை வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்துதான் சொன்னேன்.

ஓனர் பொறுமையாகக் கேட்டார். "லக்குல என்னங்க இருக்குது? தப்பாப் போனா மாத்திக்கலாம். மாத்தியாச்சு, தறியும் நல்லா ஓடுது. தம்பி வேலைய நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டனுங்க."

"அப்பறம் ஏனுங்க கூப்பிட மாட்டீங்கறீங்க?"

மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "நேரந் தப்பிருச்சுங்களே. சுவிட்சுக்கு நீட்டுன கைய, வெக்காத தள்ளுன்னு நாலு பேருத்துக்கு முன்னால சொல்லியாச்சு. ஊட்டுல பொம்பளைங்களுக்கு மனசு ஒப்பலீங்க. மத்த குடோன்காரங்களும் அதையேதான் சொல்றாங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

லக் என் தப்பு என்று சொல்லத்தான் போயிருந்தேன். அவர்களுக்கு லக் ஒரு விஷயமே இல்லை. நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் விஷயம். அதை எந்த மெஷினில் வைத்து அழுத்துவது? மோரைக் குடித்துவிட்டு, வாரனுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸில் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். தம்பிக்குங்க என்றேன்.

பட்டறை முதலாளியிடமும் நடந்ததைச் சொன்னேன். திட்டினார், வாங்கிக்கொண்டேன். கூடவே தம்பிக்கு ஒரு வேலை கேட்டேன். ஆள் தேவை இருந்ததால் சரி என்றார். இப்போது அவன் எனக்கு அடுத்த மேசையில் லக் அடிக்கிறான். குறை சொல்ல முடியாத வேலை. மெல்லிய இழைக் கேபிள் வந்தால் அவனிடம்தான் போகிறது. அவன் மேசையிலிருந்து ஓர் இழைகூடத் தரையில் விழுவதில்லை. மேசைப் பெண்களுடன் சிரித்துப் பேசுகிறான். என்னிடமும் பேசுகிறான். மத்தியானம் என் டப்பாவிலிருந்து பொரியலை எடுத்துக்கொள்கிறான். பார்க்கிறவர்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பேனல் முடிந்து வண்டி ஏறும் முன்னால் கரண்ட் கொடுத்துப் பார்ப்போம். யார் அதில் அதிகம் உழைத்தார்களோ அவர்கள் சுவிட்ச் போட வேண்டும். போன வாரம் ஒரு மில்லுக்கான பேனல் முடிந்தது. கேபிள் முழுக்க மெல்லிய இழை. எல்லா லக்கும் தம்பி அடித்தது. முதலாளி அவன் தோளைத் தட்டி, "நீங்க போடுங்க" என்றார். பெண்கள் கைதட்டினார்கள்.

தம்பி என்னைப் பார்த்தான்.

"நீ போடு கண்ணு" என்றேன். அவனை நான் கண்ணு என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"வேண்டாக்கா, நீயே போடு. நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி ஓரமாக நகர்ந்தான்.

கோபத்தில் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அந்தப் பேனல் நன்றாக ஓட வேண்டுமே என்ற அக்கறையில் சொன்னான். தன் கைக்கு ராசி போய்விட்டது என்று அவனும் நம்பிவிட்டான். முதலாளி நேரமாகிறது என்றார். நான் போய் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று லைட்டும் எரிந்தன. திரும்பிப் பார்த்தேன். தம்பி வாசல் பக்கம், எங்கள் அப்பா நிற்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.